திருகாணி மேல் பொட்டு

அத்தியாயம் பதினொன்று

வலது தோள் லம்துவனுக்கு முன்பே விழித்துக்கொண்டது.

கழுத்தடியில் ஆரம்பித்து, தோள்பட்டைக்குக் கீழே இறங்கி, இடுப்பெலும்பு வரைக்கும் ஒரே கோடாக வலி. ஒருக்களித்து, இடது கையை ஊன்றித்தான் பாயிலிருந்து எழ முடிந்தது. தலை வாரக் கை மேலே போகவில்லை. சீப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நாற்பத்து மூன்று வயது. சர்க்கரை ஆலையில் பத்து வருஷம் ஐம்பது கிலோ மூட்டை தூக்கினாள். அதற்குப் பிறகு அண்ணன் பைரோட்டின் ஊர்வலக் குழுவில் பதினைந்து வருஷமாக பேஸ் கிட்டார். கிட்டாரால் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் சத்தத்தை வெளியே தள்ளுகிற பெட்டி இருக்கிறதே, அதுதான் தோளைத் தின்றது.

இவர்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் பெட்டியை அவரவர்தான் வண்டியில் ஏற்ற வேண்டும், அவரவர்தான் இறக்க வேண்டும். அப்பா போட்ட சட்டம். அடுத்தவன் தூக்கினால் கீழே போட்டுவிட்டு நானில்லை என்பான் என்று சொல்வார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சட்டம் போகவில்லை.

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு பையன் பிக்குவாகப் போகிற ஊர்வலத்தில், நடு ரோட்டில், அந்தப் பழைய பெட்டி புகை விட்டுச் செத்தது. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் கையைத் தூக்கியபடியே நின்றார்கள். "வயித்துல அடிக்கிற அடி எங்கடி போச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். பையனின் அப்பா பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட லம்துவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வருகிற சனிக்கிழமை மழை கேட்டு வாணம் விடும் திருவிழா ஊர்வலம். நோங் சிம் ஊரின் ஆட்டக்காரர்கள் நாற்பது பேர் இவர்கள் வண்டிக்குப் பின்னால் ஆடி வர வேண்டும். இன்றைக்கு வியாழன். வேறு பெட்டி வாங்கியாக வேண்டும்.

வாங்கும் பெட்டி பழையதைவிடக் கனமாக இருந்தால் அவளால் தூக்க முடியாது. தூக்க முடியாதவளுக்குக் குழுவில் இடமில்லை. அண்ணன் இதை வாயால் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவன் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் நீளமான கறுப்புப் பை ஒன்று கிடந்தது. கீபோர்டு பை. அண்ணி வன்னாவின் தம்பி எக் பாங்காக்கிலிருந்து வந்திருக்கிறான். கீபோர்டில் இடது கையாலேயே பேஸ் வாசிப்பான் என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வாசலில் ஹாரன் அடித்தது.

பிக்கப் வண்டியில் அண்ணனும் அண்ணியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஜெனரேட்டர் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் பைரோட்டின் மூன்று தந்தி வாத்தியம், அதற்கு இரண்டு கூம்பு ஸ்பீக்கர். லம்துவன் தன் கிட்டாரைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஏறினாள்.

"என்னடி, கை தொங்குது?" என்றான் பைரோட்.

"தொங்கலை. ராத்திரி சரியாத் தூங்கலை, இப்பத் தூங்குது."

வன்னா மடியிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினாள். ஒட்டரிசிச் சோறும் சுட்ட மீனும். "சாப்பிடு. பசியோட சாமான் வாங்கப் போனா எதைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும்."

லம்துவன் சோற்றை உருட்டி வாயில் போட்டாள். அண்ணி இத்தனை அக்கறையாக என்றைக்குச் சோறு கட்டினாள்?

"டவுன்ல ஒரு கடையில பாத்தேன் அண்ணே. சின்னப் பெட்டி. பதினாலு கிலோதான்."

"பதினாலு கிலோவா? எங்க வீட்டு நாய் அதைவிடக் கனம். அது குரைச்சா நாலு வீடு தள்ளிக் கேக்காது."

"நாய்க்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"கனம் இருந்தாத்தான்டி அடி இருக்கும். அப்பா என்ன செய்வாரு? முதல்ல தூக்கிப் பாப்பாரு. முனகல் வந்தாத்தான் விலையே கேப்பாரு."

அது உண்மைதான். அப்பா மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் எல்லாக் குழுக்காரர்களும் அப்படித்தான். பெட்டிக்கு முன்னால் குனிவார்கள், தூக்குவார்கள், முனகுவார்கள், உடனே பையில் கை விடுவார்கள்.

பைரோட்டின் போன் அடித்தது. பார்த்தான். அணைத்தான். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தான்.

"யாரு?" என்றாள் வன்னா.

"எவனோ. லோன் வேணுமாங்கறான்."

லம்துவன் வண்டிக் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லோன்காரன் போனுக்கு எவனுக்கும் காது சிவக்காது. அண்ணனுக்குச் சிவந்திருந்தது.

*

தோங்கின் கொட்டகை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். பழைய ஸ்பீக்கர் வாங்கி விற்பதும் உண்டு, சொந்தமாக ஓர் ஊர்வலக் குழுவும் உண்டு. இடுப்பில் கட்டம் போட்ட துண்டு, வாயில் பல்குச்சி.

வந்தவன் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே பிக்கப்பின் பின்பக்கம் போய் ஜெனரேட்டர் தலையில் தட்டினான்.

"நல்லா ஓடுதா?"

"ஓடுது ஓடுது," என்றான் பைரோட் அவசரமாக. "பெட்டியைக் காட்டுங்கண்ணே."

பெட்டி விற்கிறவனுக்கு ஜெனரேட்டர் பற்றி என்ன கவலை? லம்துவன் அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கொட்டகை நடுவில், இரண்டு டயர்மேல், கறுப்பாகப் பெரிய பெட்டி ஒன்று நின்றது. பதினைந்து அங்குல ஸ்பீக்கர். ஆயிரத்து இருநூறு வாட் என்று வெள்ளி எழுத்தில் ஸ்டிக்கர். பெட்டியைச் சுற்றி ஒன்பது சுற்று வெள்ளை நூல், மந்திரித்த நூல். பின்பலகையில் வெள்ளை மாவுப் பொட்டுகள்.

"உங்க ஊர்ப் பெரிய பிக்கு கையால கட்டினது," என்றான் தோங். "உங்களுக்குத்தான் போகப்போகுதுன்னு போன வெள்ளிக்கிழமையே கொண்டு போய்க் கட்டி வச்சிட்டேன். தூக்கிப் பாரு தம்பி."

பைரோட் குனிந்தான். தூக்கினான். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. இறக்கி வைத்துவிட்டு, குழந்தை பிறந்த செய்தி கேட்டவன் மாதிரி சிரித்தான்.

"முப்பத்து நாலு கிலோ," என்றான் தோங். "இருபதாயிரம் பாத். நேத்து சொன்னேன்ல, அதே விலைதான்."

"நேத்தா?" என்றாள் லம்துவன்.

பைரோட் பெட்டியின் கைப்பிடியைத் துடைத்தான். அதில் தூசி இல்லை.

"நீ நேத்து வந்தியா அண்ணே?"

"இந்தப் பக்கமா ஒரு வேலை. எட்டிப் பாத்தேன்."

"சொல்லவே இல்லையே."

"எல்லாத்தையும் உன்கிட்ட எழுதிக் கொடுக்கணுமா?"

ஐம்பது பாத்துக்குத் தர்பூசணி வாங்கினாலே அரை மணி நேரம் பேரம் பேசுகிறவன் அவன். இருபதாயிரம் என்றதும் வாய் திறக்கவில்லை. முப்பத்து நாலு கிலோ என்றதும் தங்கை பக்கம் திரும்பவும் இல்லை. படிக்கட்டுக்கு அடியில் கிடந்த கறுப்புப் பை அவள் கண் முன்னால் வந்தது.

"வாசிச்சுப் பாத்துடறேன்," என்றாள்.

கிட்டாரைச் சொருகி, கனத்த தந்தியைத் தட்டினாள். கொட்டகையே அதிர்ந்தது. தகரக்கூரையிலிருந்து தூசி கொட்டியது. வன்னா காதைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியா!" என்றான் பைரோட்.

"தகரக் கொட்டகைக்குள்ள அண்டாவைத் தட்டினாலும் இப்படித்தான் கேக்கும். ரோட்டுக்கு எடுங்க. நம்ம ஜெனரேட்டர்ல போட்டுப் பாக்கணும்."

ஊர்வலத்தில் சுவர் கிடையாது, கூரை கிடையாது. வாசிக்கிற சத்தத்தையெல்லாம் வயலும் வானமும் வாங்கிக்கொள்ளும். கொட்டகைக்குள் சிங்கமாக இருந்த எத்தனையோ பெட்டிகள் ரோட்டில் பூனையானதை அவள் பார்த்திருக்கிறாள்.

தோங் பல்குச்சியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினான். "அது முடியாது தங்கச்சி. கட்டின பெட்டி. வெளியில முதல் அடி திருவிழாவுலதான் விழணும்."

"சரி. பின்பலகையைக் கழட்டி உள்ள ஒரு பார்வை பாக்கலாமா?"

"நூலை அறுக்கச் சொல்றியா?"

பைரோட்டின் முகம் வெளுத்தது. "ஏய், வாயைக் கழுவு! ஞாயித்துக்கிழமை வாணம் விடறாங்க. அது மேல கிளம்பலைன்னா செஞ்சவனைச் சேத்துல தள்ளுவாங்க. பெரிய பிக்கு கட்டின நூலை நாம அறுத்தோம்னு தெரிஞ்சா நம்ம மூணு பேரையும் சேத்துத் தள்ளுவாங்க. அதோட நிக்காது. இந்த வருஷம் மழை வரலைன்னாலும் நாமதான் காரணம்."

அவன் பயம் பொய்யில்லை. அதனாலேயே அவள் நூலைத் தொடவில்லை.

பிறகு குனிந்து, இடது கையால் பெட்டியின் கைப்பிடியைப் பற்றி, ஒரு சாண் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள்.

பத்து வருஷம் மூட்டை சுமந்தவளுக்கு ஒரு சாமான் கையில் தொங்கும்போதே அதன் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். நல்ல ஸ்பீக்கருக்கு முதுகில் பெரிய காந்தம். ஸ்பீக்கர் முன்பலகையில் மாட்டியிருப்பதால் பெட்டி முன்பக்கமாகத்தான் இழுக்கும். இது அப்படி இழுக்கவில்லை. கீழே இழுத்தது. ஈரச் சர்க்கரை அடியில் கட்டிப்போன மூட்டையைத் தூக்குவதுபோல இருந்தது.

பெட்டியை இறக்கிவிட்டுப் பின்பக்கம் போய்க் குந்தினாள்.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க."

"என்ன?"

"பொட்டை எண்ணுங்க."

வன்னா எண்ணினாள். "எட்டு."

"ஸ்க்ரூ எத்தனை?"

வன்னா மறுபடி எண்ணினாள். இந்தத் தடவை மெதுவாக. ஒவ்வொரு பொட்டும் ஒவ்வொரு திருகாணியின் தலைமேல் அப்பியிருந்தது. திருகும் வெட்டு தெரியாதபடி மாவு நிரம்பியிருந்தது.

"பெரிய பிக்கு வீட்டுக்குப் பொட்டு வச்சாலும் சரி, வண்டிக்கு வச்சாலும் சரி, மூணு பொட்டுதான்," என்றாள் லம்துவன். "எந்தப் பிக்கு அண்ணி ஸ்க்ரூவுக்கு ஆசீர்வாதம் பண்ணுவாரு?"

தோங் சிரித்தான். "பெட்டி பெருசு. அதனால நிறைய வச்சாரு."

வன்னா சிரிக்கவில்லை. எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். தினம் விடியற்காலை விகாரைக்குச் சோறு கொண்டு போகிறவள் அவள். அங்கே ஒரு பூனை குட்டி போட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"எப்ப கட்டினதுன்னு சொன்னீங்க?"

"போன வெள்ளிக்கிழமை."

"பெரிய பிக்குவே கட்டினாரா? அவர் கையாலயா?"

"அவர் கையாலதான். நான் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்திருந்தேன்."

"புத்தாண்டு முடிஞ்ச மறுநாள்லேர்ந்து பெரிய பிக்கு கோன்கேன் ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. அவரை ஏத்திட்டுப் போன வேன்ல சோத்துக்கூடையை நாந்தான் ஏத்தி விட்டேன். அப்ப நீங்க யாரு பக்கத்துல மண்டி போட்டீங்க?"

தோங்கின் வாயில் பல்குச்சி நின்றது.

வன்னா பெட்டியைப் பார்த்து ஒரு தடவை கை கூப்பினாள், எதற்கும் இருக்கட்டும் என்று. பிறகு நூலின் முனையைத் தேடிப் பிடித்து, அறுக்காமல், சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். ஒன்பது சுற்றையும் உருண்டையாக்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கோழி கட்ட ஆகும்," என்றாள்.

லம்துவன் கிட்டார் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். எட்டு திருகாணியும் சட்டென்று வந்தன. பலகை விழுந்தது.

பெட்டியின் அடியில், பஞ்சு சுற்றி, பசை போட்டு ஒட்டிய நடைபாதை சிமெண்ட் கல் இரண்டு. ஒவ்வொன்றும் பத்து கிலோ இருக்கும். ஸ்பீக்கரின் முகம்தான் பதினைந்து அங்குலம், முதுகில் இருந்த காந்தம் குழம்புக் கிண்ணம் அளவு. ஓரத்தில் கார் ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஒரு சின்ன சர்க்யூட்.

"ஆயிரத்து இருநூறு வாட்," என்றாள் லம்துவன். "எழுதறதுக்கு ஸ்டிக்கர் இருந்தா போதும்."

"கொராட் ஊர்க்காரன் ஒருத்தன் கொண்டு வந்து தள்ளிட்டுப் போனான்," என்றான் தோங். "என்னையும் ஏமாத்திட்டான்."

"உள்ள திறந்து பாக்கலையா?"

"நூல் கட்டியிருந்துச்சே, எப்படித் திறப்பேன்?"

"நூல் போன வெள்ளிக்கிழமை கட்டினதுன்னு இப்பத்தானே சொன்னீங்க!" என்றாள் வன்னா.

தோங் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

லம்துவன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஏமாற்றப்பட்டவன் இந்நேரம் கத்தியிருக்க வேண்டும். பைரோட் கத்துவதில் குறை வைக்காதவன். அவன் டயர்மேல் உட்கார்ந்திருந்தான். கல்லைப் பார்க்கவில்லை. தோங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு இது தெரியுமா அண்ணே?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்ப ஏன் கோவம் வரலை?"

"வரும். மெதுவா வரும்."

*

அவள் தோங்கிடம் திரும்பினாள்.

"சனிக்கிழமை உங்க குழு எங்க வாசிக்குது?"

"பான் தோன்ல. என் மருமகன் பேஸ் வாசிக்கறான்."

"எந்தப் பெட்டியில?"

தோங்கின் கண் ஒரு நொடி மூலைப் பக்கம் போய்த் திரும்பியது. அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும். மூலையில் நெல் சாக்கு போட்டு மூடியிருந்ததை எடுத்தாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி. ஸ்டிக்கர் இல்லை, நூல் இல்லை. கைப்பிடி மட்டும் கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. இடது கையால் தூக்கினாள். கூடவே வந்தது. முன்பக்கமாக இழுத்தது.

"அது விக்கறதுக்கு இல்ல," என்றான் தோங்.

"உங்க மருமகன் தூக்கற பெட்டியை விக்க மாட்டீங்க. எனக்கு சிமெண்ட் கல்லை விப்பீங்க. இருபதாயிரம்னு சொன்னது நீங்கதான். அதே இருபதாயிரம். ரோட்டுல வச்சு வாசிக்கறேன், கேட்டா எடுத்துக்கறேன்."

"லம்துவன், அது வேணாம்," என்றான் பைரோட். "பாரு அதை. சோத்து கேரியர் மாதிரி இருக்கு. நாற்பது பேர் ஆடணும்."

"கேட்டுட்டுச் சொல்லு."

திறந்து கிடந்த கல்லைப் பார்த்த தோங் தடுக்கவில்லை. பிக்கப்பை ரோட்டோரம் நிறுத்தினார்கள். ஜெனரேட்டரை இழுத்து உசுப்பினான் பைரோட். முதலில் ஜெனரேட்டரின் இரைச்சல் பெட்டிக்குள் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள் லம்துவன். மட்டமான பெட்டி சும்மா இருக்கும்போதே தேனீக்கூடு மாதிரி முனகும். இது சும்மா இருந்தது.

"யாராவது தூரத்துல நின்னு கேக்கணும்," என்றாள்.

"நான் போறேன்," என்றாள் வன்னா. பிக்கப்பிலிருந்து வெயில் குடையை எடுத்துக்கொண்டாள். "அதோ நூடுல்ஸ் கடை. எண்பது தப்படி இருக்கும். கேட்டா குடையைத் தூக்கிக் காட்டறேன். கேக்கலைன்னா தூக்க மாட்டேன்."

லம்துவன் குடையைப் பார்த்தாள். தன் தம்பிக்கு இடம் பிடிக்க நினைப்பவள் கையில் குடை. கேட்டாலும் கேட்காததுபோல நின்றுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லவும் முடியாது. வாசிக்க வேண்டியவள் அவள்.

வன்னா வெயிலில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடை ஓரம் போய்த் திரும்பினாள். குடை கீழே தொங்கியது.

பைரோட் கூம்பு ஸ்பீக்கர் இரண்டையும் முழுசாகத் திறந்து தந்தியை மீட்டினான். காது கிழிந்தது. லம்துவன் தோள் வலியை மறந்து அடித்தாள். ஊர்வல நடை, ஒரு அடிக்கு ஒரு அடி, கனத்த தந்தியிலேயே.

"இங்க ஒண்ணும் பெருசா இல்லையே!" என்று கத்தினான் பைரோட்.

"இங்க நிக்கறவங்களுக்கு வாசிக்கலை!"

குடை மேலே போகவில்லை.

அவள் பெட்டியின் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினாள். தாளம் மூன்றாவது சுற்று போனது, நான்காவது சுற்று போனது. வன்னா அசையாமல் நின்றாள். தலையைச் சாய்த்திருந்தாள். நடிக்கிறாளா? லாரி ஒன்று நடுவில் போய் அவளை மறைத்தது.

லாரி கடந்ததும், நூடுல்ஸ் கடைக்காரி வெளியே வந்து தன் கடைத் தகரப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பலகை ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வன்னா குடையைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பை வளைத்து, திருவிழா ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள்.

"லாரி சத்தத்துலயும் கேக்குதான்னு பாத்தேன்," என்றாள் திரும்பி வந்ததும், மூச்சு வாங்கியபடி. "உள்ளங்கால்ல ஏறுதுடி. அந்தப் பொம்பளை என்னைத் திட்டறா, கிண்ணமெல்லாம் நகருதாம்."

பைரோட் சின்னப் பெட்டியைப் பார்த்தான். குனிந்து தூக்கிப் பார்த்தான். முனகல் வரவில்லை. அவனுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் தகரப் பலகை ஆடியதை அவனும் பார்த்தான்.

வன்னா இடுப்புப் பையிலிருந்து குழுவின் பணத்தை எடுத்துத் தோங்கிடம் கொடுத்தாள். தோங் வாங்கிக்கொண்டான். நிதானமாகப் பிக்கப்பின் பின்பக்கம் போய் ஜெனரேட்டரை அணைத்தான். ரோடு திடீரென்று அமைதியானது.

"பெட்டி உங்களுது," என்றான். "இது என்னுது. இறக்கி வச்சிட்டுப் போங்க."

"எது?" என்றாள் வன்னா.

"ஜெனரேட்டர்."

லம்துவன் அண்ணனைப் பார்த்தாள். காது மறுபடி சிவந்திருந்தது. இப்போது கழுத்தும்.

"பாங்காக்ல டாக்ஸி ஓட்டின காசுல வாங்கினேன்னு சொன்னீங்களே," என்றாள் வன்னா. குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்தால்தான் அந்த வீட்டில் பயப்பட வேண்டும்.

"அப்பா சாவுக்கு மூணு நாள் வெளக்கு எரியணுமே," என்றான் பைரோட் தரையைப் பார்த்து. "தோங் அண்ணன் கொடுத்தாரு. வச்சுக்கோ, அறுவடை முடிஞ்சதும் காசு குடுன்னாரு. அந்த வருஷம் வெள்ளம். அடுத்த வருஷம்..." நிறுத்தினான். "டாக்ஸி காசு டாக்ஸி வாடகைக்கே போச்சு."

"ரெண்டு வருஷம்," என்றான் தோங். "போன் பண்ணா எடுக்கறதில்லை. நேத்து வந்தான். இந்தப் பெட்டியை இருபதாயிரத்துக்கு எடுத்துக்கோ, ஜெனரேட்டர் கடன் தீந்துச்சுன்னு சொன்னேன். சரின்னான்."

"குழுக் காசுல உன் கடனைத் தீக்கப் பாத்தியா?" என்றாள் லம்துவன்.

"விலை கொஞ்சம் கூடன்னுதான் நெனைச்சேன். கல்லுன்னு தெரியாதுடி."

"முப்பத்து நாலு கிலோன்னு தெரியும்ல? என் கை உனக்குத் தெரியும்ல?"

அவன் ஜெனரேட்டர் கட்டிய கயிற்றை இழுத்து இறுக்கினான்.

அவளுக்குக் கணக்கு புரிந்தது. கல்லுக்கு இருபதாயிரம் போயிருந்தால் ஜெனரேட்டர் அதோடு தீர்ந்திருக்கும். இருபதாயிரத்துக்கு நிஜமான பெட்டி வந்துவிட்டது. அதனால் ஜெனரேட்டர் பாக்கி அப்படியே நிற்கிறது. கரண்ட் இல்லாமல் இந்தப் பெட்டியும் வெறும் பெட்டி. சனிக்கிழமை நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நிற்பார்கள்.

அவள் கொட்டகைக்குள் போனாள். சிமெண்ட் கல் ஒன்றைக் காலால் மிதித்துப் பெயர்த்து, இடது இடுப்பில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஜெனரேட்டர் திருவிழா முடியற வரைக்கும் எங்க வண்டியில இருக்கும் தோங் அண்ணே."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா சனிக்கிழமை ஊர்வலத்துல நான் கிட்டார் வாசிக்க மாட்டேன். இந்தக் கல்லைத் தூக்கிக்கிட்டு முன்னால நடப்பேன். எங்க ஊர்ப் பெரிய பிக்கு பேரைச் சொல்லி யாரு வித்தாங்கன்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லுவேன். நூல் அண்ணி பையில இருக்கு."

"கோழி கட்டலை இன்னும்," என்றாள் வன்னா.

தோங் கல்லைப் பார்த்தான், வன்னாவின் பையைப் பார்த்தான். பல்குச்சியைத் துப்பினான்.

"ஞாயித்துக்கிழமை. கடைசி வாணம் மேல போன உடனே என் வண்டி உங்க வாசல்ல நிக்கும். காசு இல்லைன்னா ஜெனரேட்டர். ரெண்டுல ஒண்ணு."

*

திரும்பி வரும்போது பெட்டி லம்துவனின் காலடியில் இருந்தது. கல் பின்னால் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டு வந்தது.

பாதி வழியில் அவள் கேட்டாள். "அண்ணி, உங்க வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில ஒரு கறுப்புப் பை பாத்தேன்."

"எந்தப் பை?" என்றாள் வன்னா. கொஞ்சம் அதிக அவசரமாகவே சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பி, வயலில் எதையோ தேடினாள். வயலில் ஒன்றுமில்லை. இன்னும் உழவே ஆரம்பிக்கவில்லை.

பைரோட் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவன் இறங்கி வந்து பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தான். லம்துவன் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"அவரவர் பெட்டி," என்றாள்.

இடது கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நடுவில் எங்கும் இறக்கி வைக்காமல் வீட்டுக்குள் போனாள். வலது தோள் வலித்துக்கொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை அவள் வாசிப்பாள், அது முடிவாகிவிட்டது.

வெளியே பிக்கப்பின் மேல் ஜெனரேட்டர் வெயிலில் நின்றது. ஐந்து கிலோவாட், சிவப்பு நிறம், அப்பாவின் சாவுக்கு வந்தது. இரண்டு வருஷமாக அதன் விலை தோங்குக்குக் கடன். ஒரு பாத்கூட இன்னும் கொடுக்கவில்லை.